ரஷ்ய நிலக்காட்சி ஓவியமும் கொக்தெபெல் வொலோஷினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் நீர்வண்ணம் பழக வருகிறார்கள். சுவரில், கருங்கடல் ஓரக் கிரிமியாவின் கொக்தெபெல் கரையில் வாழ்ந்த மக்ஸிமிலியான் வொலோஷினின் நிலக்காட்சி ஒன்றின் அச்சுப்படி மாட்டியிருக்கிறேன்: பழுப்பு மலை, ஒரு கீற்றுக் கடல், மேலே நிறைய வானம். புதிதாக யார் வந்தாலும் அதைப் பார்த்துவிட்டு ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை எடுத்து, பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

ரஷ்ய நிலக்காட்சின்னா பனியும் பிர்ச் மரமும்தானே? அதுல பார்க்க என்ன இருக்கு?

பனியும் பிர்ச் மரமும் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அலெக்ஸெய் சவ்ராசொவ் 1871-ல் வரைந்த 'காக்கைகள் திரும்பி வந்துவிட்டன' படத்தை ஒரு ஐந்து நிமிடம் பாருங்கள். (ரூக் என்ற பறவையைத்தான் காக்கை என்கிறேன். நம் காக்கைக்கு உறவு, குளிருக்குத் தெற்கே போய் வசந்தத்தில் திரும்பும்.) கோணல்மாணலான சில பிர்ச் மரங்கள், உச்சிக் கிளைகளில் கூடுகள், அழுக்கேறி இளகத் தொடங்கிய பனி, வேலிக்குப் பின்னால் ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் மணிக்கூண்டு, அதற்கும் பின்னால் தட்டையான வயல். அவ்வளவுதான். மரத்தடியில் ஒரு பறவை அலகில் சுள்ளியோடு நிற்கிறது. கூடு கட்டப் போகிறது. குளிர்காலம் முடிந்தது என்று அந்தச் சுள்ளி சொல்லிவிடுகிறது.

கொஸ்த்ரொமா பகுதியில் மொல்வித்தினோ என்ற சாதாரணக் கிராமம் அது. பயணிகள் தேடிப் போகிற அழகு எதுவும் அங்கே இல்லை. அந்த இடத்தையே படத்துக்குப் போதும் என்று ஒருவர் நினைத்தார் பாருங்கள், அதுதான் புதிய விஷயம்.

அதுக்கு முன்னால ரஷ்யாவில யாரும் மரம் செடி வரையலையா?

வரைந்தார்கள். ஆனால் பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தில் உயர்ந்த இடம் புராணக் காட்சிகளுக்கும் வரலாற்றுக் காட்சிகளுக்கும்தான். நிலக்காட்சி என்றால் இத்தாலிய வெளிச்சம், இடிபாடு, மலை, அருவி. 1863-ல் பட்டத் தேர்வுக்கு ஸ்காண்டிநேவியக் கடவுளரின் விருந்தைத் தலைப்பாகக் கொடுத்தபோது, 14 மாணவர்கள் அதை வரைய மறுத்து வெளியேறினார்கள்.

அந்த மனநிலையிலிருந்து 1870-ல் பெரெத்விஷ்னிக்கி என்ற சங்கம் உருவானது. ஊர் ஊராகக் கண்காட்சியைக் கொண்டுபோனதால் வந்த பெயர். முதல் கண்காட்சி 1871-ல் நடந்தது. மேலே சொன்ன காக்கைப் படம் அதில்தான் வைக்கப்பட்டது. அதை மாஸ்கோ வணிகர் பாவெல் திரெத்தியாகொவ் வாங்கினார். அவர் சேர்த்ததெல்லாம் இன்று திரெத்தியாகொவ் காட்சியகமாக நிற்கிறது.

ஷீஷ்கின், குயின்ஜி, லெவித்தான் மூணு பேரும் எனக்கு ஒண்ணு மாதிரித்தான் தெரியுது. எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

இவான் ஷீஷ்கினிடம் மரத்தைப் பாருங்கள். பட்டை, ஊசியிலை, வேர் எல்லாம் எந்த மரம் என்று பெயர் சொல்லும் அளவுக்கு இருக்கும். 1889-ன் 'பைன் காட்டில் காலை' எல்லோரும் அறிந்த படம். அதிலுள்ள கரடிகளை வரைந்தவர் அவர் நண்பர் சவீத்ஸ்கி. அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். படத்தை வாங்கிய திரெத்தியாகொவ் அந்தக் கையெழுத்தை அழித்துவிட்டார்.

அர்ஹீப் குயின்ஜியிடம் வெளிச்சத்தைப் பாருங்கள். 1880-ல் 'தினீப்பர் ஆற்றில் நிலவொளி இரவு' என்ற ஒரே படத்தை, ஜன்னல்களை மூடி, விளக்கொளியில் காட்சிக்கு வைத்தார். ஜனம் வரிசையில் நின்றது. படத்துக்குப் பின்னால் விளக்கு ஒளித்து வைத்திருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தவர்களும் உண்டு என்பார்கள்.

ஐசக் லெவித்தானிடம் மரமும் வெளிச்சமும் கொஞ்சம் பின்னால் போய்விடும். 1892-ல் அவர் வரைந்த 'விளாதிமிர்க்கா'வில் ஒரு மண்சாலையும் மேகமூட்டமும்தான் கண்ணில் படும். சைபீரியாவுக்குக் கைதிகளைச் சங்கிலியோடு நடத்திச் சென்ற சாலை அது. படத்தில் ஒரு கைதிகூட இல்லை. பலர் நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடங்கள் சாலையோடு கூடவே போகின்றன. அதே 1892-ல், யூதர் என்ற காரணத்துக்காக லெவித்தானையே மாஸ்கோவை விட்டு வெளியேற்றினார்கள். இது தெரிந்த பிறகு அந்தச் சாலையை என்னால் வெறும் சாலையாகப் பார்க்க முடியவில்லை.

'மனநிலை நிலக்காட்சி'ன்னு சொல்றாங்களே, அது நம்ம திணை மாதிரியா?

கொஞ்சம் அப்படித்தான். நிலத்தைச் சொன்னாலே உணர்ச்சி வந்துவிடும் என்ற நம்பிக்கை இரண்டிலும் இருக்கிறது. லெவித்தானின் சாலையைப் பார்த்துப் பாலை நினைவுக்கு வந்தால் அது தப்பே இல்லை.

வித்தியாசமும் உண்டு. திணையில் எந்த நிலத்துக்கு எந்த உரிப்பொருள் என்பது கவிஞருக்கும் கேட்பவருக்கும் முன்பே தெரிந்த ஏற்பாடு. ரஷ்ய ஓவியரிடம் அப்படி ஒரு பொது ஏற்பாடு இல்லை. இந்தச் சாலை, இந்த மாலை, இந்த மேகம் என்று ஒவ்வொரு படத்திலும் முதலிலிருந்து கட்ட வேண்டும்.

சரி, யார் இந்த வொலோஷின்? தேடிப் பார்த்தா கவிஞர்னு வருது, நீங்க ஓவியர்ங்கறீங்க?

இரண்டும்தான். 1877-ல் கீவ் நகரில் பிறந்தார். 1893-ல் அவருடைய அம்மா கிரிமியாவின் கிழக்குக் கரையில் கொக்தெபெல் என்ற இடத்தில் நிலம் வாங்கினார். பையன் பக்கத்து ஊரான ஃபியொதோசியாவில் பள்ளி முடித்தார். மாஸ்கோவில் சட்டம் படிக்கப் போய், மாணவர் கிளர்ச்சியில் சேர்ந்து அந்தப் படிப்பு பாதியில் நின்றது. பிறகு பாரிஸில் பல ஆண்டுகள் ஓவியம் பார்ப்பதும் ஓவியத்தைப் பற்றி எழுதுவதுமாகக் கழிந்தன. கவிதையும் அப்போதே பெயர் வாங்கித் தந்துவிட்டது. ஓவியரை அந்தக் கவிஞர் மறைத்துவிட்டார் என்பது என் வருத்தம்.

1903-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொக்தெபெல் கரையில் ஒரு வீடு கட்டினார். கடலைப் பார்த்த உயரமான ஜன்னல்களோடு ஒரு ஓவியக்கூடம் அதில் உண்டு. கடைசிவரை அந்த வீடுதான். 1932-ல் அங்கேயே இறந்தார்.

கொக்தெபெலில் அப்படி என்ன இருக்கு?

முதல் பார்வைக்கு எதுவும் இல்லை. பச்சை குறைவு. வெயிலில் காய்ந்த குன்று, மாசிப்பத்திரியின் சாதியில் ஒரு கசப்புச் செடி, களிமண், காற்று. வளைகுடாவின் ஒரு பக்கம் காரா-தாக். ஜுராசிக் காலத்தில் எரிந்து அணைந்த எரிமலை; பெயருக்குக் கருப்பு மலை என்று பொருள். இன்னொரு பக்கம் களிமண்ணும் பாறைத் துகளுமாக ஒரு நீண்ட முனை, பெயர் கமேலியன், அதாவது பச்சோந்தி. மேகம் வந்தால் சாம்பல், மாலையில் செம்மண், இன்னொரு நேரம் ஊதா. பெயர் வந்த காரணம் அதுதான்.

வொலோஷின் இந்தக் கிழக்குக் கிரிமியாவை கிம்மேரியா என்று அழைத்தார். கிரேக்கக் கவி ஹோமர் பாடிய பழைய இனத்தின் பெயர். கிரிமியா என்றால் மற்றவர்களுக்கு யால்டாவின் சைப்ரஸ் மரமும் உல்லாசமும். இவருக்கு அது பல இனங்கள் வந்து வாழ்ந்து மறைந்த, எலும்பு தெரிகிற பழைய பூமி. ஃபியொதோசியாக்காரரான அவர் நண்பர் கன்ஸ்தந்தீன் பகயெவ்ஸ்கியும் இதே நிலத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பகயெவ்ஸ்கி குயின்ஜியின் மாணவர். மேலே சொன்ன வெளிச்சப் பைத்தியம் அந்த வழியாக இந்தக் கரைக்கு வந்தது. (குயின்ஜியின் இன்னொரு மாணவர் நிக்கலாய் ரோரிச், இமயத்தின் குலு பள்ளத்தாக்கில் குடியேறியவர். அவரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.)

ஆயில் பெயின்டை விட்டுட்டு ஏன் வாட்டர்கலர்?

போர் வந்ததால். 1914-க்கு முன் ஆயிலில் இல்லை, டெம்பராவில் (முட்டைக் கரு போன்ற பசையில் குழைக்கிற வண்ணம்) வரைந்துகொண்டிருந்தார். முதல் உலகப்போர் தொடங்கியபோது அவர் போய்த் தங்கிய இடமெல்லாம் எல்லைப் பகுதியாக அமைந்தது: சுவிட்சர்லாந்தின் பாஸல் பக்கம், பிஸ்கே கடற்கரை, பிறகு மறுபடி கிரிமியா. அந்த மாதிரி இடத்தில் வெளியே உட்கார்ந்து மலையையும் கரையையும் வரைந்தால் உளவாளி என்று பிடித்துக்கொள்வார்கள். வேறு வழியில்லாமல் அறைக்குள் மேசையில், நினைவிலிருந்து வரையத் தொடங்கினார். அது தன் ஓவியத்துக்குக் கிடைத்த நன்மை என்று பின்னாளில் தன்னைப் பற்றி எழுதியபோது சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் அதே இடத்தில் சொல்கிறார்: நீர்வண்ணம் வெளியில் வைத்து வரைவதற்குத் தோதான சாதனமே இல்லை, அதற்கு ஸ்டாண்டைவிட மேசையும் நிழலும்தான் வேண்டும். மொட்டை வெயிலில் வாஷ் (நீரில் கரைத்த வண்ணத்தைத் தாளில் பரப்புகிற பூச்சு) போட்டுப் பார்த்தவர்கள் இதை உடனே ஒத்துக்கொள்வார்கள். பாதித் தாளைத் தாண்டுவதற்குள் முதல் பாதி காய்ந்து விளிம்பு கட்டிவிடும்.

நேர்ல பார்க்காம நினைவில இருந்து வரைஞ்சா அது பொய்தானே?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

முதலில், இது வொலோஷினிடம் தொடங்கிய வழக்கம் இல்லை. ஃபியொதோசியாவின் கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கி கடலை நினைவிலிருந்துதான் வரைந்தார். ஓடுகிற அலையைத் தூரிகை எட்டிப் பிடிக்காது என்பது அவர் கருத்து. ஃபியோதர் வசீலியெவ் என்ற இளைஞர் காசநோயோடு யால்டாவில் கிடந்தபோது, 1872-ல், கண்ணெதிரே இருந்த தெற்கத்திக் கடலை விட்டுவிட்டு, வடக்கே தான் விட்டு வந்த மழை நனைந்த புல்வெளியை வரைந்தார். 'ஈரப் புல்வெளி' என்று பெயர். அடுத்த ஆண்டு, 23 வயதில் இறந்துபோனார். அந்தப் படத்தின் புல்லில் கை வைத்தால் ஈரம் ஒட்டும் போல இருக்கும்.

வொலோஷின் அந்த மலைகளில் ஆண்டுக்கணக்கில் நடந்தவர். எந்தச் சரிவில் மண் எப்படி உடையும், எந்த ஓடை எந்தப் பக்கம் வெட்டியிருக்கும் என்று காலுக்கே தெரியும். தன் படங்களை முதலில் மதித்தவர்கள் நிலவியலாளர்களும் கிளைடர் (என்ஜின் இல்லாமல் காற்றில் மிதக்கிற விமானம்) ஓட்டிகளும்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர்களுக்குக் கலையைவிட மண்ணின் அமைப்பும் காற்றின் போக்கும்தான் முக்கியம். அவர்கள் சரி என்றால் படம் சரி. 'நண்பகல்' என்ற தன் பதினான்கு வரிக் கவிதை (சானட்) ஒன்று கிரிமியத் திராட்சை விவசாயப் பத்திரிகையில் அச்சானதையும் இதே மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார்.

கிளைடர் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். கொக்தெபெலுக்குப் பக்கத்தில் உசுன்-சிர்த் என்று ஒரு நீண்ட மேடு. அங்கே காற்று சரிவில் மோதி மேலே ஏறும். வீசி எறிந்த தொப்பி கீழே விழாமல் மேலே போனது என்று ஒரு கதை அங்கே சொல்வார்கள். 1923-ல் சோவியத் கிளைடர்களின் முதல் பெரிய கூடுகை அந்த மேட்டில்தான் நடந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான விமானி ஆர்த்ஸெயூலொவ், ஐவசோவ்ஸ்கியின் பேரன், அவரும் ஓவியர். பின்னாளில் ராக்கெட் கட்டிய கரொல்யோவ் இளைஞராகத் தன் கிளைடரோடு வந்ததும் இதே இடத்துக்குத்தான். நிலக்காட்சி ஓவியர் நடக்கக்கூடிய பூமியையும் பறக்கக்கூடிய வானத்தையும் வரைய வேண்டும் என்று வொலோஷின் சொன்னதை, இந்த மேட்டை மனதில் வைத்துப் படித்தால் அது அலங்காரப் பேச்சாகத் தோன்றாது.

ஒரு படத்தை எடுத்துக்கிட்டு எப்படிப் பார்க்கணும்னு சொல்லுங்களேன்.

சுவரில் இருப்பதையே எடுத்துக்கொள்வோம். இவர் படங்கள் பெரும்பாலும் சின்னவை, வாரப் பத்திரிகையின் ஒரு பக்கத்துக்குள் அடங்குபவை. முதலில் மனிதர் யாராவது இருக்கிறார்களா என்று தேடுங்கள். இருக்க மாட்டார்கள். வீடும் அபூர்வம். அடுத்து, மலைகள் எத்தனை அடுக்கு என்று எண்ணுங்கள். முன்னால் சூடான காவி, அதற்குப் பின் மங்கிய பழுப்பு, அதற்கும் பின் சாம்பல் கலந்த ஊதா, கடைசியில் வானத்தோடு கலக்கிற நீலம். ஒவ்வொரு அடுக்கும் ஒரு வாஷ். அடியில் இருப்பது நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது வந்திருக்கிறது. விளிம்பு சுத்தமாக வெட்டினது போல நிற்பதைப் பாருங்கள்.

அப்புறம் வெள்ளையைத் தேடுங்கள். மேகத்தின் ஓரம், கடலின் மினுக்கு எல்லாம் தாளின் வெள்ளை. அங்கே தூரிகை போகவே இல்லை. கீழே பல படங்களில் தேதி இருக்கும், கவிதை வரி ஒன்றும் இருக்கும். விருந்தாளி கிளம்பும்போது இப்படி எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்.

ஜப்பானிய மரச்செதுக்குப் படம் மாதிரியும் இருக்கே?

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பாரிஸில் தேசிய நூலகத்தில் ஜப்பானிய அச்சுப் புத்தகங்களை நாள்கணக்கில் உட்கார்ந்து படித்தவர் அவர். இயற்கையை அணுகும் விதத்தில் ஹொகுசாய், உத்தமாரோ என்ற ஜப்பானிய ஓவியர்கள்தான் தன் வழி என்று எழுதியிருக்கிறார். தட்டையான வண்ணம், அடுக்கடுக்கான தூரம், தேவையில்லாததை விட்டுவிடுகிற துணிச்சல் எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஷீஷ்கின் ஊசியிலையை எண்ணினார். இவர் மலையின் விலா எலும்பை மட்டும் வைத்துக்கொண்டார்.

எல்லாப் படமும் ஒரே மலை, ஒரே கடல். சலிக்காதா?

பத்துப் படத்தை வேகமாகப் புரட்டினால் சலிக்கும். ஒரு நாளைக்கு ஒன்று என்று பாருங்கள். மேலே சொன்ன பச்சோந்தி முனையை நினைத்துக்கொள்ளுங்கள். இடம் ஒன்றுதான், நேரம் வேறு. காலையில் சாதகம் செய்கிறவர் தினமும் அதே ராகத்தைத்தான் எடுக்கிறார், அதுபோல.

புரட்சியும் உள்நாட்டுப் போரும் நடக்கும்போது உட்கார்ந்து மலை வரைஞ்சது சரியா?

படத்தை மட்டும் பார்த்தால் இந்தச் சந்தேகம் நியாயம்தான். வீட்டையும் சேர்த்துப் பாருங்கள். கிரிமியா கைமாறிக்கொண்டே இருந்த ஆண்டுகள் அவை. சிவப்புப் படை (போல்ஷெவிக்குகள்) வந்தபோது வெள்ளைப் படையினரையும், வெள்ளைப் படை (அவர்களை எதிர்த்தவர்கள்) வந்தபோது சிவப்புப் படையினரையும் தன் வீட்டில் மறைத்து வைத்தார். 1920-ல் கவிஞர் மண்டெல்ஷ்டாம் ஃபியொதோசியாவில் வெள்ளைப் படையிடம் சிக்கினார். அப்போது இருவருக்கும் மனஸ்தாபம். ஆனாலும் அவரை விடச் சொல்லி வொலோஷின் கடிதம் எழுதினார்.

அந்தப் பயங்கரத்தைப் பற்றிய கவிதைகளும் எழுதினார். அவை சோவியத் நாட்டில் நீண்ட காலம் அச்சேறவில்லை. அவர் கண் எதைப் பார்த்தது என்பதைக் கவிதை சொல்கிறது. மலைப் படங்களில் ரத்தமே இல்லாததால் அவருக்கு அது தெரியாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

1920-களில் அந்த வீடு எழுத்தாளர், ஓவியர், விஞ்ஞானிகளுக்கு இலவசத் தங்குமிடமாகிவிட்டது. ஒரு கோடையில் நூற்றுக்கணக்கானோர் வந்து போனார்கள்.

கிரிமியா உக்ரைனோடது இல்லையா? இவரை எப்படி ரஷ்ய ஓவியர்னு சொல்றது?

சர்வதேசச் சட்டப்படி கிரிமியா உக்ரைனுக்குச் சேர்ந்தது. 2014-ல் ரஷ்யா அதைக் கைப்பற்றித் தன்னோடு இணைத்துக்கொண்டது. பெரும்பாலான நாடுகள் இதை ஏற்கவில்லை. வொலோஷின் காலத்தில் அது ரஷ்யப் பேரரசு, பிறகு சோவியத் ஒன்றியம். அவர் எழுதியது ரஷ்ய மொழியில், பிறந்தது கீவில், வரைந்ததோ அந்தக் கரையை.

'ரஷ்ய நிலக்காட்சி' என்ற பெயருக்குள் இப்படிப் பலர் இருக்கிறார்கள். குயின்ஜி மரியூப்போலின் கிரேக்கக் குடும்பம், ஐவசோவ்ஸ்கி ஆர்மீனியர், லெவித்தான் லித்துவேனியாவில் பிறந்த யூதர். நான் அந்தப் பெயரை ஓவியப் பள்ளியின் பெயராக மட்டும் பயன்படுத்துகிறேன், நிலத்தின் பட்டாவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காரா-தாக், உசுன்-சிர்த் என்று இந்தப் பக்கத்தில் வந்த மலைப் பெயர்கள் கிரிமியத் தாத்தாரியப் பெயர்கள். அந்த மக்களை 1944-ல் ஸ்டாலின் ஆட்சி மொத்தமாக நாடுகடத்தியது. இவர் படங்களைப் பார்க்கும்போது இதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் படங்கள் எங்க இருக்கு? கல்லறையில பூவுக்குப் பதிலா கல் வைக்கிறாங்களாமே?

கொக்தெபெல் வீட்டிலேயே நிறைய இருக்கின்றன. அவர் மனைவி மரியா, இரண்டாம் உலகப்போரின் ஆக்கிரமிப்புக் காலத்திலும் அந்த வீட்டைக் காப்பாற்றினார். 1976-ல் அவர் இறந்தார். 1984-ல் வீடு அருங்காட்சியகமானது.

கல் விஷயம் உண்மைதான். வொலோஷினை, அவர் தானே தேர்ந்தெடுத்த குன்றின் உச்சியில் புதைத்தார்கள். ஏறி வருகிறவர்கள் கடற்கரைக் கூழாங்கல்லை எடுத்துவந்து வைக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் எதிரே காரா-தாக். அதன் பாறை விளிம்பில் தாடி வைத்த முகம் ஒன்று பக்கவாட்டில் தெரியும். விதியும் காற்றும் செதுக்கிய தன் முகம் என்று அவரே பாடியிருக்கிறார்.

நானும் அடுக்கடுக்கா மலை வரைஞ்சு பார்க்கிறேன், எல்லாம் சேறா கலங்கிடுது. என்ன தப்பு?

பெரும்பாலும் அவசரம்தான். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு வாஷ் காய நேரம் பிடிக்கும். தாளின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அப்போது அடுத்த வாஷ் போட்டால் அடியில் உள்ளது கிளம்பி வந்துவிடும். ஒரு வாஷில் இரண்டு வண்ணத்துக்கு மேல் கலக்க வேண்டாம். தூரத்து மலையிலிருந்து தொடங்கி முன்னால் வாருங்கள். போட்ட இடத்தைத் திரும்பத் தேய்க்காதீர்கள். பிசகினால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த தாளை எடுங்கள்.

இன்னொரு காரியம் செய்யுங்கள். போட்டோவைப் பார்த்து வரைவதை ஒரு மாதம் நிறுத்துங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஏரிக்கரையோ பொட்டலோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கையில் எதுவும் எடுக்காமல் காலையில் அரைமணி நேரம் நடந்துவிட்டு வந்து, மேசையில் உட்கார்ந்து ஒரு அஞ்சலட்டை அளவுத் தாளில் நினைவில் நின்றதை மட்டும் போடுங்கள். மூன்று வாஷ் போதும். மறுநாள் அந்தத் தாளையும் கொண்டுபோய், அதே இடத்தில் நின்று பாருங்கள். கரை எந்த இடத்தில் வளைகிறது என்று அன்றைக்குத் தெரியும்.